சாம்பல் நரி கதவைத் தட்டினானா?

என் வீட்டுக்காரருக்குப் பழைய புத்தகக் கடையில் வைத்த பெயர் ‘கதவு’. “கதவு வந்தாச்சா?”, “கதவுக்கு ஒரு டீ சொல்லு” என்றுதான் அங்கே பேச்சு. எனக்கு முதலில் கோபமாக வந்தது. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கௌரவமாக வேலைக்குப் போய்வருகிற மனுஷனை இப்படியா கூப்பிடுவது? காரணம் தெரிந்த பிறகு, இந்த ஆளுக்கு இது பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

காரணம் ஒரு படக்கதை. ‘சாம்பல் நரி’ என்று ஒரு துப்பறிகிறவன். இவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் மாதம் ஒரு புத்தகமாக வந்தது. கடைசிப் புத்தகத்தின் கடைசிப் படத்தில், நெஞ்சில் குண்டு வாங்கிய நரி, கொட்டுகிற மழையில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிறான். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது. தட்டுவதற்குக் கையைத் தூக்கியிருக்கிறான். தட்டினானா, வேண்டாமென்று திரும்பிப் போனானா என்பது கிடையாது. கீழே ‘முற்றும்’ என்று போட்டுவிட்டார்கள். வரைந்தவரும் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் நிம்மதியாகப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது இவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் அந்தக் கடையின் பின்பக்கம், கட்டுக்கட்டாக அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நரைத்த தலைகளெல்லாம் அடித்துக்கொள்ளும். தட்டினான் கட்சி, திரும்பினான் கட்சி என்று இரண்டு கட்சி. தட்டினான் கட்சிக்குத் தலைவர் என் வீட்டுக்காரர். எதிர்க்கட்சிக்குத் தலைவர் தையல்காரர். துணியைச் சின்னதாக்கிக் கொடுக்கிற, கிழிசல் தைக்கிற கடை வைத்திருக்கிறார். ஊரார் பேன்ட்டையெல்லாம் வெட்டிக் குட்டையாக்குகிறவருக்குக் கதையும் வெடுக்கென்று முடிந்தால்தான் பிடிக்கும் என்று நான் சொல்வேன்.

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு மயிரிழை அதிகம் தேய்த்துவிட்டால் ஆடும். குறைவாகத் தேய்த்து அழுத்தினால் ஓரம் தெறித்துவிடும். நாளெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காரியம் செய்துவிட்டு, புருவத்தில் வெள்ளைத் தூசியோடு வீட்டுக்கு வருவார். வந்ததும் டிவி.

டிவியில் அவர் பார்ப்பதெல்லாம் இருட்டு நாடகங்கள். இருட்டு என்றால் நிஜமாகவே இருட்டு. ஜன்னலைச் சாத்தினால்தான் திரையில் ஏதாவது தெரியும். இல்லாவிட்டால் நம் முகம்தான் தெரியும். நல்லவன் கெட்டவனாகிறான், கெட்டவன் அழுகிறான், குழந்தை காணாமல் போகிறது, கடைசியில் எல்லோரும் செத்துப்போகிறார்கள். தையல்காரர் சொல்லித்தான் இவர் பார்ப்பார், பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சண்டை போடுவார். “சாகடிக்கிறது ஒரு பெரிய வித்தையா? எப்படி முடிக்கிறதுன்னு தெரியாதவன்தான் சாகடிப்பான். பிழைக்க வச்சுக் காட்டட்டும் பார்ப்போம்” என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன். நரிக்காக இப்படி வரிந்துகட்டுகிற மனுஷன் எனக்காக என் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு வேலை சலவைக் கடையில். தையல்காரர் தைத்து முடித்த துணிகளை இஸ்திரிக்கு எங்கள் கடைக்குத்தான் கொண்டுவருவார். அன்றைக்கு ஒரு மூட்டையைக் கவுண்டரில் போட்டுவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

“என்னண்ணே, லாட்டரியா?”

“அதைவிடப் பெருசு தங்கச்சி. உங்க வீட்டுக்காரர் கட்சி மாறிட்டார்.”

“எந்தக் கட்சி?”

“நம்ம கட்சிதான். நரி தட்டல, திரும்பிட்டான்னு அவர் வாயாலேயே ஒத்துக்கிட்டார். நேத்துப் பேசினார் பாருங்க, நான்கூட அப்படிப் பேசினதில்ல. தட்டினா என்ன ஆகும், அறுப்பாங்க, தைப்பாங்க, படுக்கையில போடுவாங்க, அப்புறம் இழுவையா இழுக்கும். அவன் கால்ல நிக்கிறப்பவே கதையை முடிச்சா அதுதான் மரியாதைன்னார். எல்லாரும் கை தட்டிட்டோம். நான்தான் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.”

என் கை அயர்ன் பாக்ஸோடு ஒரு சட்டை மேல் அப்படியே நின்றுவிட்டது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் தூக்கினேன். தையல்காரர் அதற்குள் சந்தோஷமாகப் போய்விட்டார்.

அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது ஒரு கருத்து. கதையைப் பற்றிய கருத்து. ஒரு மனுஷன் வாழ்நாளெல்லாம் பிடித்த பிடியை ஒரு மத்தியானத்தில் விடுகிறானே, அவனுக்கு என்ன வந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கட்சி ஜெயித்துவிட்டது, டீ குடித்தார்கள். அந்தக் கூட்டத்தால் மட்டும்தான் அப்படி இருக்க முடியும். எனக்கோ ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாக அவர் சாப்பாட்டை ஒதுக்குகிறார், வாயு என்கிறார், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. வெயில் காலம், உடம்பு இறங்கத்தான் செய்யும் என்று அவர் சொன்னதை நம்பியிருந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் டிவியைப் போடப் போனார். நான் குறுக்கே நின்றேன்.

“நரி ஏன் தட்டல?”

“அதுக்குள்ள உனக்குச் சேதி வந்துடுச்சா? சும்மா, யோசிச்சுப் பார்த்தேன். அதுதான் சரின்னு பட்டுச்சு.”

“எந்த டாக்டர் வீட்டு வாசல்ல நின்னு யோசிச்சீங்க?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார். கணையத்தில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் ஆபரேஷனே பெரியது, தாங்காமலும் போகலாம். செய்யாவிட்டால் சில மாதங்கள். அந்தச் சில மாதங்களில் கொஞ்ச நாளாவது நடமாடலாம்.

“நான் நடமாடுறதை எடுத்துக்கறேன்” என்றார், கடையில் பழம் பொறுக்குகிற மாதிரி.

நான் அழுதேன், கத்தினேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். எதற்கும் அசையவில்லை. “நீ எனக்கு மூக்குல குழாய் வச்சுப் பார்க்க வேண்டாம். அவ்வளவுதான் எனக்கு வேணும்” என்றார். லென்ஸ் தேய்க்கிறவர் பிடிவாதம் லேசில் விடாது. ஆஸ்பத்திரியில் அடுத்த வாரத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

என் பேச்சு எடுபடாது என்று தெரிந்துபோனது. மறுநாள் நேரே தையல்காரர் கடைக்குப் போனேன். மெஷினில் ஒரு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கால் பெடலிலிருந்து இறங்கியது, வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுக்கக்கூட மறந்துவிட்டார்.

“நான் கை தட்டினேனே தங்கச்சி.”

“தட்டினது தட்டினதுதான். இப்போ எனக்கு ஒண்ணு பண்ணுங்க. நீங்க ஜெயிச்சதைத் திருப்பிக் கொடுத்துடுங்க.”

“எப்படி?”

“நீங்க தோத்துப்போங்க. நரி தட்டினான்னு அவர்கிட்ட வாதாடுங்க. நான் சொன்னா அது பொண்டாட்டி அழுகை. நீங்க சொன்னா அது வாதம். அவர் வாதத்துக்குத்தான் மசிவார்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அந்தக் கடைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களிடம் தையல்காரர் முன்பே சொல்லியிருந்தார் போல. ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.

தையல்காரர் எழுந்து நின்று பேசினார். பேசினார் என்று சொல்வதே பாவம். அந்த வாய்ச்சொல் வீரர் உளறினார். மழையில் நனைந்தவன் கதவைத் தட்டாமல் போவானா என்றார். குண்டு அவ்வளவு ஆழமாக இல்லை என்றார். டாக்டர் நல்லவராக இருக்கலாம் என்றார். இவர் ஒவ்வொன்றையும் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். முன்பு தையல்காரர் சொன்ன வாதங்களை எடுத்தே அவரை மடக்கினார். கடைசியில் தையல்காரர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“யோவ் கதவு, நரி எக்கேடோ கெட்டுப் போகட்டும். நீ இல்லாம நான் ஞாயித்துக்கிழமை யார்கூடய்யா சண்டை போடுறது?”

என் வீட்டுக்காரர் தையல்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரித்தார்.

“உனக்கு வாதாடவே தெரியலைய்யா. இவ்வளவு நாளா உன்னை எதிராளின்னு நினைச்சுட்டு இருந்தேன் பாரு” என்றார். பிறகு மெதுவாக, “சரி. தட்டினான்னே வச்சுக்கோ” என்றார்.

ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டோம் என்று வெளியே வந்து சொன்னார்கள். நான் அந்த வராந்தாவில் நின்று யார் யாருக்கோ நன்றி சொன்னேன். அதன் பிறகு காய்ச்சல் பிடித்தது. காய்ச்சல் இறங்குவதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அவர் எதற்குப் பயந்தாரோ அது ஒன்றுவிடாமல் நடந்தது. மூக்கில் குழாய், வயிற்றில் குழாய், கையெல்லாம் ஊசி குத்திய நீலம். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். இந்த உலகத்தின் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவே இல்லை.

என் மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று தெரியாது, காட்டவில்லை. தெளிவாக இருந்த ஒரு நாள் காலையில் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“அந்தப் படம் போட்டவன் ஏன் அதோட நிறுத்தினான்னு இப்பத்தான் புரியுது” என்றார்.

“ஏன்?”

“கதவுக்கு உள்ள நடக்கிறதைப் படமா போட முடியாது.”

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் தண்ணீர் வேண்டும், வேண்டாம் என்பதுதான். அந்த வாரமே போய்விட்டார். வீடு திரும்பவே இல்லை.

தையல்காரர் அப்புறம் எங்கள் சலவைக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். துணிகளை வேறு யாரிடமோ கொடுத்தனுப்பினார். நான் விடுவேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கடைக்கே போனேன். அவர்கள் ஏதோ புது நாடகத்தின் முடிவைப் பற்றிச் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். இவருடைய ஸ்டூலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நான் உட்கார்ந்தேன். அந்தக் கடைசிப் புத்தகத்தைக் கேட்டேன். இத்தனை வருஷம் அதைப் பற்றிக் கேட்டுக் காது புளித்ததே தவிர, ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மட்டமான காகிதம், மஞ்சளாகிவிட்டது. மழை, கதவு, தூக்கிய கை. அவ்வளவுதான் படம். இவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைப் பேசவே இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. தட்டினால் பிழைத்தான், திரும்பினால் செத்தான் என்று இரண்டு கட்சியுமே முடிவு கட்டிவைத்திருந்தது. தட்டியும் சாகலாம் என்று எந்தக் கட்சியும் சொல்லவில்லை.

தையல்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “நாம அவரைத் தட்டச் சொன்னது தப்பா தங்கச்சி? பேசாம இருந்திருந்தா, அவர் பிரியப்பட்ட மாதிரி கொஞ்ச நாள் நடமாடிட்டுப் போயிருப்பாரே.”

இருந்திருப்பார். எனக்கும் அது தெரியும். ஜன்னலைச் சாத்திவிட்டு இன்னும் சில நாடகங்கள் பார்த்திருப்பார். புருவத்தைத் துடைக்காமல் சோற்றில் கை வைத்து என்னிடம் திட்டு வாங்கியிருப்பார். ஆனாலும் நாளைக்கே மறுபடி அந்த வாசலில் அவர் வந்து நின்றால், நான் பின்னாலிருந்து தள்ளத்தான் செய்வேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பின்னால் அட்டைதான், ஏதோ சைக்கிள் விளம்பரம். புத்தகத்தை மூடித் தையல்காரர் மடியில் வைத்தேன்.

“தப்போ சரியோ, எனக்கு இன்னும் ஒரு பக்கம் வேணும்னு இருந்துச்சு அண்ணே” என்றேன்.