வாய்க்கரிசியை மென்று தின்ற பெருச்சாளி

எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சரக்கு சரிபார்க்கும் வேலை எனக்கு. அமெரிக்காவிலிருந்து பழைய பேப்பர் கட்டு வந்திருந்த பெட்டி ஒன்றை அன்று பிரித்தோம். வெள்ளிக்கிழமை. கற்பூரம் காட்டி எலுமிச்சம்பழம் நசுக்காமல் எங்கள் ஆட்கள் கதவைத் தொட மாட்டார்கள். அதெல்லாம் முடித்துத் திறந்தால், பூனை அளவுக்கு ஒரு பெருச்சாளி தொப்பென்று மேஸ்திரியின் காலடியில் விழுந்தது. வெள்ளை மூஞ்சி, மொட்டை வால். பல் இளித்தபடி, நாக்கு தொங்க, அசைவே இல்லை. நாற்றமோ, ஐயையோ, குடலைப் பிடுங்கியது.

"கருமம்! தூக்கிக் குப்பையில போடுங்கப்பா" என்றேன்.

மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னாம்மா நீ! புள்ளையாரு வாகனம். வெள்ளிக்கெயம அதுவுமா என் கால்ல வுயுந்து செத்துகீது. எம் பொண்ணு அங்க இடுப்பு வலியில கீறா."

அவருக்கு ஒரே மகள். தலைப்பிரசவத்துக்காகக் காலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருக்கத் தைரியமில்லாமல் வேலைக்கு வந்த மனிதர், கெட்ட செய்தி வந்துவிடுமோ என்று போனையும் அணைத்து வைத்திருந்தார். செத்த வாகனத்துக்கு முறையாகக் காரியம் செய்யாவிட்டால் மகளுக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டார்.

லாரிகள் வரிசையில் நிற்கின்றன, எனக்கோ பற்றிக்கொண்டு வருகிறது. என் பேச்சை யார் கேட்டார்கள்? பூஜைக்கு வாங்கிய சாமந்தி மாலை பெருச்சாளியின் கழுத்துக்குப் போனது. லோடுமேன் ஒருவர் தகர டின்னில் சாவு மேளம் தட்டினார். சுவரோரம் குழியும் தயார். வாய்க்கரிசிக்குத்தான் அரிசி இல்லை. மேஸ்திரி தன் டிபன் பாக்ஸைத் திறந்து, நெத்திலிக் குழம்புச் சோற்றில் ஒரு வாய் எடுத்து, கும்பிட்டு, அதன் வாயில் வைத்தார்.

காது துடித்தது. அப்புறம் தாடை அசைந்தது. பிணம் சோற்றை மெல்ல ஆரம்பித்தது.

"யம்மாடி! உசுரு கீதுடோய்!" டின்னைப் போட்டுவிட்டு மேளக்காரர் லாரி மேல் ஏறிவிட்டார். பெருச்சாளி மாலையும் கழுத்துமாக டிபன் பாக்ஸுக்குள் தலையை விட்டது.

நான் போன் போட்டதும் கூண்டு ஒன்றோடு வந்த கால்நடை மருத்துவர், பார்த்ததும் சிரித்துவிட்டார். பெருச்சாளியே இல்லையாம். ஒப்போசம் என்கிற அமெரிக்கப் பிராணி. பெட்டிக்குள் வேர்த்த தண்ணீரை நக்கி, பேப்பரில் ஒட்டிய எச்சில் பண்டத்தைத் தின்று பிழைத்திருக்கும் என்றார்.

"செத்தா மாதிரி நடிச்சுதா சார்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"நடிப்பில்லைங்க. பயம் முத்தினா உடம்பு தானா விழுந்துடும். தின்ன வர்ற மிருகம் விட்டுட்டுப் போக நாத்தமும் அடிக்கும். பயம் தெளிஞ்சா எழுந்துக்கும்."

கையுறை போட்டுப் புரட்டினார். வயிற்றில் ஒரு பை. உள்ளே விரல் அளவுக் குட்டிகள், ஆளுக்கொரு காம்பைக் கவ்விக்கொண்டு. பிறக்கும்போது அவரை விதை அளவுகூட இருக்காதாம், தானாகவே ஊர்ந்து பைக்குள் போய்விடுமாம். குழியைத் திரும்பிப் பார்த்தேன்.

"இத்தினியையும் வவுத்துல வெச்சிகினா கப்பல்ல வந்துச்சி?" என்று மேஸ்திரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு போனை எடுத்து ஆன் செய்தார். உடனே மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"நைனா! பொண்ணு பொறந்துகீது." மகளேதான். "எங்க பூட்ட நீ? பசி உசுரு போவுது. உன் டப்பாவுல இன்னா கீது? எத்துகினு வா."

மேஸ்திரி ஓவென்று அழுதுகொண்டே டிபன் பாக்ஸைப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை.