பொன்னுக்கு வீங்கி என்று நினைத்தோம்

கிதிர்ப்பூர்ப் பாலத்தில் ஏறும்போதுதான் சட்டைப்பையில் சங்கிலி இருப்பது நினைவுக்கு வந்தது. மருத்துவமனையை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரமாக நடந்துகொண்டிருந்தேன். பேருந்துகள் போயின, ஏறத் தோன்றவில்லை. இரண்டு நாளுக்கு முன் நர்ஸ் ஒருத்தி, என்னோடு மெஸ்ஸில் வேலை பார்த்த அண்ணாச்சியின் கழுத்திலிருந்து கழற்றி, பஞ்சில் சுற்றி என்னிடம் கொடுத்த சங்கிலி அது. மெஸ் நடத்தும் அக்காவுடையது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி அன்று காலை இறந்துவிட்டதையும் சொல்ல வேண்டும்.

ஹவுராவுக்கு ஆற்றின் இக்கரையில், கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்துக்கு அருகே இருக்கிறது அந்த மெஸ். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் மனைவி நடத்துகிறார். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். தோசைக்கல் அவருடையது. நான் மாவாட்டி, பாத்திரம் கழுவி, பரிமாறுகிறவன். எட்டாவதோடு பள்ளியை விட்டு சூரத், விஜயவாடா என்று சுற்றி, ஏழு மாதத்துக்கு முன் இங்கே வந்து ஒதுங்கியிருந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் நின்றதில்லை.

பல் வலி வந்தது அவருக்குத்தான். கீழ்க் கடைவாய்ப்பல். முதலில் கிராம்பு வைத்தார். பிறகு பக்கத்து லாரி ஆட்கள் கொடுத்த குல் என்கிற புகையிலைப் பொடியை ஈறில் தேய்த்தார். தலை சுற்றியது, வலி போகவில்லை. ஒரு வாரம் ஒரு பக்கமாகவே மென்றார். பிறகு ஒருநாள் காலையில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. அன்று நான்கு பூரி தின்றார்.

எனக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. விஜயவாடாவில் இருந்தபோது ஒரு பல் வலித்து வலித்து ஓய்ந்து, கறுத்துப்போய் இன்னும் வாயில் இருக்கிறது. அதைக் காட்டி நான்தான் சொன்னேன்: "செத்த பல்லு வலிக்காதுண்ணே. இனிமே டாக்டர் எதுக்கு?"

"நீ சொன்னா சரியாத்தாம்ல இருக்கும். பெரிய படிப்புல்லா படிச்சிருக்க," என்று சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துத் தாடையின் ஓரம் வீங்கியது. அக்கா வந்து பார்த்தார், தொட்டார், உடனே பொன்னுக்கு வீங்கி என்றார். தாடை வீங்கினால் எங்கள் ஆட்களுக்கு வேறெதுவும் தோன்றாது. அது அம்மன் வந்திருக்கிற உடம்பு, ஊசி போடக்கூடாது, தங்கம் கழுத்தில் பட்டால் வீக்கம் வடியும். அக்கா தன் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டார். அம்மன் இருக்கிற இடத்தில் தாளிக்கக்கூடாது, ஆனால் தாளிக்காமல் மெஸ் நடக்காது. அதனால் அவர் பாயை மொட்டைமாடி அறைக்கு மாற்றினோம். நான் சந்தையில் கீரைக்காரியிடம் வேப்பிலை வாங்கினேன். இந்த ஊரில் வேப்பந்தளிரை வறுத்துத் தின்பார்கள். கத்தரிக்காயோடு வறுக்கத்தானே என்று கேட்டு இளந்தளிராகப் பொறுக்கிக் கொடுத்தாள். அதைத் தலைமாட்டில் வைத்தேன்.

அப்போது அவர் என்னிடம் சொன்னார்: "ஏலே, எனக்கு இது சின்னப்பிள்ளையிலயே வந்து போயிட்டுல்லா. ரெண்டாவது தடவ வருமா?"

வராது என்று எனக்குத் தெரியும். எட்டாவது படித்தவனுக்கு அதுகூடத் தெரியாமல் இருக்காது. ஆனால் அக்காவிடம் போய்ச் சொல்லவில்லை. மாவு காத்திருந்தது. சில பேருக்கு வரும்ணே என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அடுத்த நாள் காய்ச்சல். மோவாய்க்கு அடியில் பலகை மாதிரி கெட்டியாகிவிட்டது. கஞ்சி உள்ளே போகவில்லை. வாயில் சூடான சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவர் போலப் பேசினார். மூன்றாம் நாள் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. குனிந்து உட்கார்ந்தே இருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நான் யாரையும் கேட்காமல் டாக்சி பிடித்தேன்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். தன் மூன்று விரல்களைச் சேர்த்து, இவ்வளவு வாய் திறக்க முடிகிறதா என்று பார்த்தார். ஒரு விரல்கூட நுழையவில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று இந்தியில் கேட்டார். அம்மன் என்று நினைத்தோம் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வலி நின்றது பல் ஆறியதால் இல்லை, நரம்பு செத்ததால் என்றார். சீழ் அங்கேயே இருந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது. தாடை வீங்கிய அன்றே வந்திருந்தால் பல்லைப் பிடுங்கி, சீழை எடுத்து, மருந்து கொடுத்து அனுப்பியிருக்கலாம். வாய் திறக்காவிட்டால், எச்சில் இறங்காவிட்டால், மோவாய்க்கு அடியில் வீங்கினால், ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக்கூடாது. இதையெல்லாம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். சீழ் அதற்குள் நெஞ்சுக்குப் போயிருந்தது. இரண்டு நாள்தான் தாங்கினார்.

ஊரிலிருந்து அவர் தம்பி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை.

"மூணு நாளா வேப்பிலய வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?" என்றார். குரல் உயரவில்லை.

ஆமாம் என்றேன்.

"சுடுகாட்டுக்கு நீங்க வர வேண்டாம்."

அங்கிருந்துதான் நடந்துகொண்டிருந்தேன்.

மெஸ்ஸில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அக்காவிடம் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஞ்சைப் பிரித்துச் சங்கிலியை நீட்டியபோது அவர் கை பின்வாங்கியது. பிறகு வாங்கி, குழாயடியில் கழுவி, ஒரு டப்பாவில் போட்டு மூடினார். தங்கம் போட்டும் வடியலியே என்றார். இது அம்மன் இல்லக்கா, பல்லு என்றேன். வீங்கிய அன்றே சொல்லியிருக்க வேண்டியது.

எனக்கு ஹவுராவுக்குப் போய் ஏதாவது ஒரு ரயிலில் ஏறிவிடலாம் என்றிருந்தது. அதுதான் எனக்குப் பழக்கம். பையைக் கட்டிவைத்தேன். மாடி அறையில் வேப்பிலை காய்ந்து சுருண்டு கிடந்தது. அதைப் பெருக்கிவிட்டுப் படுத்தேன்.

விடியும்போது அக்கா கீழேயிருந்து கூப்பிட்டார். "கல்லுல யாராவது நிக்கணுமே தம்பி. ஆளுங்க வந்துருவாங்க."

இறங்கினேன். அண்ணாச்சியின் தோசைத்திருப்பி ஆணியில் தொங்கியது. அடுப்புக்கு முன் நின்று, மூன்று விரல்களைச் சேர்த்து வாயில் வைத்துப் பார்த்தேன். போயின. கறுத்த பல்லின் ஓரம் நாக்கில் பட்டது. கையைக் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தேன்.