பத்திரிகையில் ஏறிய பி.ஏ.

பக்கத்து வீட்டு மருமகள் செல்வி தபால் வழியில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறாள். தபால் வழி என்பது நான் சொல்வது. தபாலுக்கும் அந்தப் படிப்புக்கும் இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை அஞ்சறைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு மாவாட்டுகிறாள். கிரைண்டர் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு பேராசிரியர் பாடம் நடத்துகிறார். நடுவில் எந்த ஊர் அடுக்களையிலோ குக்கர் விசிலடிக்கிறது. "மைக்க ஆஃப் பண்ணுங்கம்மா" என்று மனிதர் கெஞ்சுகிறார். போன வாரம் பொறுக்க முடியாமல் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டேன்.

"நோட்ஸ் எடுக்கலயாம்மா?"

"பி.டி.எஃப். வந்திரும் மாமா" என்றாள்.

நல்லதுதான். ஆனால் படிப்பு என்றதும் என் மூக்குக்கு வருவது விறகுப் புகை வாசனை. நான் பி.ஏ. படித்தது முப்பத்தைந்து வயதுக்கு மேல், குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்துகொண்டு. சாரல் நாட்களில் குற்றாலத்தில் உலர்ந்த பொருள் என்று எதுவும் கிடையாது. தீப்பெட்டி உரசாது, உப்பு நீர்விட்டுக் கிடக்கும், தலையணை உறை தொட்டால் சில்லென்று இருக்கும். பல்கலைக்கழகம் அனுப்பிய பாடப் புத்தகங்கள் ஆனி பிறந்ததும் பூரி மாதிரி உப்பிவிடும். லாட்ஜின் பின்கட்டில் குளிக்க வருகிறவர்களுக்காக விறகு வைத்து வெந்நீர் காய்ச்சுகிற பெரிய பாய்லர் ஒன்று இருந்தது. அதன் மேலே கயிறு கட்டிப் புத்தகங்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்டுக் காயவைப்பேன். மொகலாயர்களும் விஜயநகரத்தாரும் வரிசையாகப் புகையில் தொங்குவார்கள். இன்றைக்கும் எங்காவது ஈர விறகு புகைந்தால் எனக்கு அக்பரின் ஞாபகம் வருகிறது.

அந்த வயதில் எதற்குப் படிப்பு என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். அறிவுத் தாகம் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை வேறு. என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அச்சடித்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் நான் பிளஸ் டூவோடு நின்றவன். நின்றவன் என்பதுகூட மரியாதையான வார்த்தை. கூட்டாளிகள் சேர்ந்தார்கள் என்று கணக்குப் பாடம் உள்ள குரூப்பில் சேர்ந்து, அந்தக் கணக்கிலேயே கவிழ்ந்தேன். மற்ற பாடங்களிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. ரிசல்ட் அன்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் பேப்பர் வாங்கி என் நம்பரைத் தேடினேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியவன் நம்பர் இருந்தது, பின்னால் உட்கார்ந்தவன் நம்பரும் இருந்தது. நடுவில் நான் இல்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்று இன்னொரு பேப்பரும் வாங்கினேன். அதிலும் அதே பிழை.

பிறகு குற்றாலம், லாட்ஜ், ரூம் பெருக்குவதில் ஆரம்பித்து ரிசப்ஷன் மேஜை வரை. இருபத்தாறு வயதில் கோமதியைப் பேசி முடித்தார்கள். கடையநல்லூர் பக்கம் அவளுக்கு. பத்திரிகைக்கு விஷயம் சொல்ல அச்சகத்துக்குப் போனது என் தாய்மாமா. போலீஸில் ஏட்டாக இருந்தவர். அவர் சொன்னால் தென்காசித் தேரே ஒரு அடி தள்ளி நிற்கும் என்று எங்கள் குடும்பத்தில் நம்பிக்கை. அந்தக் காலத்துப் பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண், அவர்களுடைய சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் வரை எல்லாப் பெயருக்கும் பின்னால் ஏதாவது படிப்பு ஒட்டியிருக்கும். ஒன்றும் இல்லாதவர்களுக்கு ஊர்ப் பெயராவது இருக்கும். பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் பார்த்தேன். ஒன்றை உருவி மாமாவிடம் நீட்டினேன்.

"மாமா, இது என்ன மாமா?"

"ஏலே, பேரு மொட்டையா நிக்கக்கூடாதுலே. பொண்ணு பேருக்குப் பின்னால டீச்சர் ட்ரெய்னிங் போட்டிருக்கான் அவ அப்பன். நீ மட்டும் வெறும்பயலா நிப்பியா?"

"நான் பிளஸ் டூவே பாஸ் பண்ணல மாமா."

"இத்தனை வருசமா ஊரு ஊரா வாரவன்கிட்ட இங்கிலீஷுல பேசுத. பி.ஏ.வுக்கு மேலதாம்லே நீ" என்று சொல்லி, மஞ்சள் தடவுகிற வேலையை ஆரம்பித்துவிட்டார்.

நான் பேசிய இங்கிலீஷ் என்பது 'ஹாட் வாட்டர் ஃபைவ் டு எய்ட்' என்பதுதான். மாமா தலையில் பழியைப் போடுவது சுலபம். ஐந்நூறு பத்திரிகைக்கும் மூலையில் மஞ்சள் தடவியதில் பாதி என் கை.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நான் பட்டதாரியாக வாழ்ந்தேன். அது சாமானிய வேலை இல்லை. மாமனார் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "எங்க மாப்ள, பி.ஏ." என்று அறிமுகம் செய்வார். எந்தக் காலேஜ் என்று யாராவது கேட்டால் நான் பந்தியில் கூட்டு வாங்கப் போய்விடுவேன். அவருக்கு வரும் பேங்க் கடிதங்களை மடித்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். "அப்புறமா படிச்சுச் சொல்லுதேன்" என்று லாட்ஜுக்கு எடுத்துப் போய், ரூம் எடுத்திருக்கும் படித்த மனிதர் யாரிடமாவது அர்த்தம் கேட்டு, மறுநாள் என் சொந்த அறிவு மாதிரி ஒப்பிப்பேன். நல்ல வேளை, சீசனில்தான் அவருக்கு அதிகம் கடிதம் வந்தது.

ஒரு நாள் அவர் பேங்க் கடிதத்துக்குப் பதில் நல்ல செய்தியோடு வந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க் வேலை இருக்கிறதாம், டிகிரி இருந்தால் போதுமாம். "சர்டிபிகேட்ட மட்டும் எடுத்து வைங்க மாப்ள, நாளக் கழிச்சு வாரேன்" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கோமதி பீரோவைத் திறந்து தேட ஆரம்பித்தாள். எல்லாத் தட்டிலும் கை விட்டுத் தேடுகிறாள். இல்லாத ஒன்றை அவள் தேடுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? சொல்லிவிட்டேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. பீரோவைச் சாத்திவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மாமனார் வந்து செருப்பைக் கழற்றும்போதே அவளாகச் சொன்னாள்.

"அந்த வேல வேண்டாம்பா. அவுகளுக்கு லாட்ஜ விட்டுட்டு வர மனசில்ல."

பெரியவர் முகம் தொங்கிவிட்டது. தன் அப்பாவிடம் அதுவரை ஒரு பொய் சொல்லியிருக்க மாட்டாள். எனக்காகச் சொன்னாள். அவர் போனதும் என்னைப் பார்த்து, ஒன்பது வருஷத்தில் நான் கேட்டிராத குரலில் பேசினாள்.

"பி.ஏ.ன்னு சொல்லித்தான் எங்கப்பா அந்த மிலிட்டரிக்கார மாப்பிள்ளைய வேண்டாம்னாரு. தெரியுமா?"

"தெரியாது."

"அச்சடிச்சது அடிச்சாச்சு. ஐந்நூறு வீட்டுல போயி அழிக்கவா முடியும்? நீங்க படிச்சு முடிச்சிருங்க. அவரு கண்ண மூடுததுக்குள்ள."

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சரி என்றேன்.

முதலில் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது, பிளஸ் டூ கணக்கை. தென்காசியில் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். கூடப் படித்த பிள்ளைகள் முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று குட் மார்னிங் சொன்னார்கள். நானும் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் கோமதி எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் பென்சிலால் மேஜையைத் தட்டுவாள், நான் டீச்சருக்குப் பயந்த பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொள்வேன். பாஸ் மார்க்குக்கு மேலே இரண்டு மார்க் வாங்கித் தேறினேன்.

அப்புறம்தான் பி.ஏ. வரலாறு. சனி, ஞாயிறு தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முக வகுப்பு நடக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் மேஜையில் இடிக்கும். ஒரு பெண் போலீஸ், ஒரு கண்டக்டர், கைக்குழந்தையோடு வருகிற ஒரு நர்ஸ், நான். பாடம் எடுக்க வந்தவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அவர் என்னை சார் என்பார், நான் அவரை சார் என்பேன். யார் யாருக்கு நடத்துகிறார் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாது. மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைப்போம். கண்டக்டர் வீட்டு எலுமிச்சை ஊறுகாய்க்காகவே வகுப்புக்கு வந்தவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் கூட்டம் நெட்டித் தள்ளும் நாள். என் மேஜையில் எங்கள் லாட்ஜில் எண்ணெய் தேய்த்துவிடும் மாரியப்பன் அண்ணாச்சியை உட்கார வைத்துவிட்டுப் போவேன். எண்ணெய்க் கையோடு சாவி எடுத்துக் கொடுப்பார். மேனேஜர் எங்கே என்று கேட்பவர்களிடம் "காலேஜுக்குப் போயிருக்காரு, நாலு மணிக்கு வந்திருவாரு" என்பார். என் பிள்ளையைச் சேர்க்கத்தான் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

மூன்று வருஷத்தில் வரலாற்றுத் தாள் எல்லாம் ஒரே மூச்சில் தேறினேன். இங்கிலீஷ் மட்டும் நின்றுவிட்டது. அது நின்ற கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். விடுதியில் தங்கிய ஒருவர், அங்கே இருந்த குறைகளைச் சொல்லி மேனேஜருக்குக் கடிதம் எழுத வேண்டும், இதுதான் கேள்வி. மேனேஜர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. நான் மேனேஜராகவே பதில் எழுதிவிட்டேன். வெந்நீர் ஐந்திலிருந்து எட்டு வரைதான், போர்டில் எழுதியிருக்கிறோம். பால்கனியில் துணி காயப்போட்டது உங்கள் தவறு. குரங்கு உள்ளே வந்ததற்கு ஜன்னலைத் திறந்து வைத்ததே காரணம். இரண்டு பக்கம், ஆவேசமாக. என் ஆயுளில் அவ்வளவு சரளமாக நான் இங்கிலீஷ் எழுதியதில்லை. ஆறு மார்க்கில் போயிற்று.

கேள்வித் தாளை வாங்கிப் படித்த கோமதி கேட்டாள். "கேட்டது என்ன, நீங்க எழுதுனது என்ன? பரீச்சையிலயும் லாட்ஜுக்குத்தான் பரிஞ்சு பேசுவியளா?"

சிரித்தாள். ஆனால் அந்த வருஷம் ஐப்பசியில் மாமனார் தவறிவிட்டார். சுடுகாட்டில் காடாத்து முடிந்து திரும்பும்போது ஒரு சொந்தக்காரர் யாரிடமோ என்னைக் காட்டி, "மூத்த மருமகன், பி.ஏ. படிச்சவரு" என்றார். நான் தலை நிமிரவில்லை. அந்த ஆறு மார்க்குக்காக நான் அழுதது அன்றைக்குத்தான். கோமதி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த தடவையும் அதே கேள்வி. கடிதத்தைச் சரியான ஆளாக இருந்து எழுதினேன். அந்த லாட்ஜ் மேனேஜரைக் கிழித்துவிட்டேன். தேறினேன்.

சர்டிபிகேட் தபாலில் வந்த அன்று அதை உறையோடு எடுத்துக்கொண்டு தென்காசிக்கு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் ரிட்டயர்டாகி வெகுகாலம் ஆகியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திருடனின் வாக்குமூலத்தைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"என்னலே இது?"

"பி.ஏ. சர்டிபிகேட் மாமா."

"அதான் நீ அப்பவே பி.ஏ.லாலே? பத்திரிகையிலயே போட்டோம்லா. இது எதுக்கு இன்னொண்ணு?"

முகத்தை உற்றுப் பார்த்தேன். விளையாடுகிற மாதிரி தெரியவில்லை. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டிருந்தார். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "தொலஞ்சு போயிருக்கும், மறுபடியும் எழுதி வாங்கியிருப்பான்" என்றாள். "அப்படிச் சொல்லு" என்று மாமா திருப்தியாகத் தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வைலே. ஒரு தடவ தொலைச்சது போதும்." நான் சரி மாமா என்றேன்.

நேர்முக வகுப்பு நடந்த கட்டடத்தில் இப்போது வேறு என்னவோ நடக்கிறது. லாட்ஜில் பாய்லரை எடுத்துவிட்டு மாடியில் சோலார் வைத்துவிட்டார்கள். மாரியப்பன் அண்ணாச்சி ஊரோடு போய்விட்டார். இதெல்லாம் பரவாயில்லை, போக வேண்டியதுதான்.

மாமா போன தை மாதம் போய்விட்டார். தேரே தள்ளி நிற்கும் குரல் கடைசி ஒரு வாரம் மூச்சாக மட்டும் இருந்தது. பட்டம் வாங்கி இத்தனை வருஷத்தில் அந்தத் தாளை என்னிடம் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நான் பட்டதாரி என்று எவனிடம் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குத் தாள் தேவைப்படவில்லை. இனி யாராவது கேட்டால் நான் தாளைத்தான் காட்ட வேண்டும்.