சென்னம்மா போட்ட முந்நூறு கணக்கு

பங்காருபாளையத்து மாங்கூழ் ஃபாக்டரியில் பத்து வருஷமாகப் பழம் வெட்டிய சென்னம்மாவுக்கு, முப்பத்தாறு வயதில் ஓர் ஆசை வந்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கூழின் இனிப்பை அளந்து எழுதும் லேப் வேலை வேண்டும். அங்கிருந்த பெரியவர் ரிட்டயராக இரண்டு வருஷம் இருந்தது. அதற்குள் டென்த் பாஸ் செய்தால் அந்த இடம் அவளுக்குத்தான் என்றார் மேனேஜர். அவள் படித்ததோ ஏழாம் வகுப்பு வரை.

சும்மா விடுகிற ஆளா அவள்? ஓபன் ஸ்கூலில் சேர்ந்தாள். மற்ற பாடங்கள் எப்படியோ வழிக்கு வந்தன. கணக்குதான் வம்பு பண்ணியது. அதற்கும் ஒரு திட்டம் போட்டாள். நாளைக்கு ஐந்து கணக்கு, அறுபது நாளில் முந்நூறு. காலண்டரில் ஒரு நாள் தவறாமல் டிக் விழுந்தது. முந்நூறும் முடிந்த அன்று வீட்டில் பாயசம்.

பரீட்சையில் மற்றதெல்லாம் தேறிவிட்டது. கணக்கில் மட்டும் இருபத்தொன்பது. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்.

"இன்னாமே, முந்நூறும் போட்டேன்னியே?" என்றான் கணவன் ரங்கன்.

"புக்கைப் பாத்துக்கினுதான்யா போட்டேன். அங்க நம்பரை மாத்திட்டானுங்க!" என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் வெட்டு மேஜையில் பக்கத்தில் நின்ற கங்கம்மா, முப்பது பெட்டி கொட்டியாயிற்று என்று பெருமையடித்தாள். "கொட்னதைச் சொல்லாத, தேறுனதைச் சொல்லு" என்றார் சூப்பர்வைசர் பாலையா. அழுகலும் காயும் கழித்து நிற்பதுதான் அங்கே எண்ணிக்கை. தினமும் கேட்கிற பேச்சு அது. அன்றைக்குத்தான் சென்னம்மாவின் கத்தி பாதிப் பழத்தில் நின்றது. பத்து வருஷம் இதைக் கேட்டும், வீட்டில் போட்ட கணக்கில் கொட்டினதையெல்லாம் எண்ணியிருக்கிறாளே, அசடு!

அன்றே திட்டத்தை மாற்றினாள். புத்தகத்தை மூட வேண்டும், எண்களை மாற்ற வேண்டும், சரியாக வந்ததை மட்டும் காலண்டரில் எழுத வேண்டும். முதல் நாள் ஐந்தில் ஒன்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஒன்று என்றே எழுதினாள். எண்களை மாற்றித் தரும் வேலை ரங்கனுக்கு. அவன் குஷியில் இஷ்டத்துக்குப் போட்டுத் தள்ளினான்.

"இன்னாய்யா, டிராக்டர் நம்பரெல்லாம் எழுதிக்கினு வர்றே!" என்று அவள் திட்ட, அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. சரியானவை முந்நூறைத் தொட ஐந்து மாதம் பிடித்தது.

இந்த முறை கணக்கில் அறுபத்தொன்று! வெட்டு மேஜையருகே போனில் அதைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில், பாம்போ என்று பயந்து கங்கம்மா பெட்டி மேல் ஏறிவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து லேபுக்கு வரச் சொன்னார் மேனேஜர்.

வீட்டில் ரங்கனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு சந்தேகம்.

"வேலைக்கு முப்பத்தஞ்சே போதும்னாங்களே, எதுக்கு இம்மாம் மார்க்கு?"

"முப்பத்தஞ்சு வேலைக்குய்யா" என்றாள் சென்னம்மா. "மீதி இருபத்தாறு எனக்கு."