லிமோசின் லைசென்ஸும் இருபத்திரண்டு சிவப்பும்

என் மகள் நித்யா கண் டெஸ்டில் தோற்கப் பார்த்தாள். கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு நான்தான். நடந்து மூன்று மாதமாகிறது. யாராவது ஒரு பொருளைக் காட்டி என்ன கலர் என்று கேட்டால் இன்னும் நான் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

நான் பெருமாநல்லூரில் ஒரு டிராவல்ஸில் லிமோசின் ஓட்டுகிறேன். பனியன் ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையர்களுக்கும் கல்யாணங்களுக்கும் போகும் நீள வண்டி. ஒரு சந்தில் திரும்ப வேண்டுமென்றால் டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே எடுத்துப் போட வேண்டும். இரண்டாவது டிரைவராக நித்யாவை எடுத்துக்கொள்கிறேன் என்றார் முதலாளியம்மா. சனிக்கிழமைக்குள் எல்லாப் பேப்பரும் அவர் மேஜைக்கு வர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வெள்ளை போர்டு கார் ஓட்டிய பழக்கம் மட்டும் போதாது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் போர்டு, பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். லிமோசினுக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. உங்கள் லைசென்ஸ் அந்த வண்டியின் எடைக்கும் சீட்டுக்கும் செல்லுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள், டீக்கடையில் கேட்காதீர்கள். எங்கள் டிராவல்ஸில் போலீஸ் வெரிஃபிகேஷனும் மெடிக்கல் சர்டிபிகேட்டும் கேட்பார்கள். நித்யாவிடம் மெடிக்கல் தவிர எல்லாம் தயார்.

அங்கேதான் நான் புகுந்தேன். டிரைவராவதற்கு முன் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் பதினாலு வருஷம் ஷேடு செக்கிங் பார்த்தவன் நான். பையர் அனுப்பிய சாம்பிளோடு, சாயம் ஏறி வந்த துணியை வைத்துப் பார்த்து, கலர் ஒத்திருக்கிறதா என்று சொல்லும் வேலை. கண் டெஸ்டில் கலர் கேட்பார்கள் என்று தெரிந்ததும் பரணில் கிடந்த பட்டறை சாம்பிள் துண்டுத் துணிகளை இறக்கினேன். சிவப்பில் மட்டும் இருபத்திரண்டு. ஒரு வாரம் அவளை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. வெறும் சிவப்பு என்று சொன்னால், எந்தச் சிவப்பு என்று மறுபடி கேட்பேன்.

வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் ஒரு சிவப்பு அட்டையைக் காட்டி என்ன கலர் என்றார். நித்யா அதைக் கையில் வாங்கி, சாய்த்துப் பார்த்தாள்.

"எந்த லைட்லங்க பாக்கறது? டியூப்லைட்லயா, வெயில்லயா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ரோட்டுல சிக்னலக் கழட்டி வெயிலுக்குக் கொண்டு போயா பாப்ப, கண்ணு?"

அடுத்து இன்னொரு சிவப்பு அட்டை. அதையும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பச்சை. பாட்டில் கிரீன், கொஞ்சம் மஞ்சள் அடிக்கிறது என்றாள். டாக்டரின் பேனா நின்றுவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவ சொல்றது கரெக்டுங்க சார். உங்க செவப்பு அட்டை ரெண்டும் வேற வேற லாட்டுங்க, ஒரே தடவைல சாயம் ஏத்துனதில்லைங்க. எங்க பட்டறையா இருந்தா இத ரிஜெக்ட் பண்ணீருவனுங்க."

அவர் அட்டைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சர்டிபிகேட் பாரத்தை மெதுவாக டிராயருக்குள் வைத்து மூடினார். கோயமுத்தூரில் ஒரு கண் டாக்டருக்கு எழுதித் தருகிறேன், அடுத்த வாரம் போய்க் காட்டுங்கள் என்றார். அடுத்த வாரம் அந்த வேலையில் வேறு யாரோ இருப்பார்கள்.

நித்யா குரலை உயர்த்தவில்லை. "அப்பா, நீங்க சித்த வெளிய இருங்க."

வெளியே வந்து கதவில் காதை வைத்தேன். இன்னொரு தடவை கேட்கச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சினாள். பிறகு வரிசையாகச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. மஞ்சளுக்கு நான் என்னையறியாமல் மஸ்டர்டு என்று முனகியிருக்கிறேன். அடுத்த டோக்கன்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

உள்ளே டாக்டர் கேட்டார்: "செவப்பு விழுந்தா என்ன பண்ணுவ?"

"நிப்பனுங்க."

"அது எந்த லாட்டா இருந்தாலுமா?"

"எந்த லாட்டா இருந்தாலும் நிப்பனுங்க."

டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். பிள்ளைக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவும் சொல்லிக்கொடுங்கள். பிறகு வெளியே உட்காருங்கள்.

நித்யா இப்போது என்னைவிட நன்றாகச் சந்து திருப்புகிறாள். அடுத்த மாதம் எனக்கு ரினியூவல். நாற்பது தாண்டியதால் எனக்கும் மெடிக்கல் உண்டு. கூட வருகிறேன் என்றாள். டெஸ்ட் எனக்குத்தானே, நீ எதற்கு என்றேன்.

"அதனாலதானுங்கப்பா," என்றாள்.