கடலைப் பார்த்த அறை

பாண்டிமீனாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தாலும் கண்ணால் பார்த்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் என் ஓரகத்தி. கொழுந்தன் அருள்பாண்டியின் மனைவி. உசிலம்பட்டிப் பக்கம் பருத்திக்காட்டில் களை எடுத்துக்கொண்டே பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தவள். கோரிப்பாளையத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் கம்ப்யூட்டரில் வீடு வரைகிறாள். திருநகரில் மட்டும் அவள் வரைந்த வீடுகள் இருபதுக்கு மேல் இருக்கும். போர்டில் பெயர் இன்ஜினியருடையது. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளக்கிற டேப் இருக்கும். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே எங்கள் அடுப்பு மேடையை அளந்துவிட்டு, நாலு அங்குலம் தாழ்வாக இருப்பதால்தான் எனக்கு இடுப்பு வலி என்றாள். சொன்னது சரிதான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

விளாங்குடி வீட்டில் என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பதினெட்டு வருடமாக அந்தச் சுவரைத்தான் பார்க்கிறேன். அவள் வந்தபோது மாடியில் புதிதாக ஒரு அறை கட்டினார்கள். மூன்று பக்கமும் காற்று. துணி காயப்போட மேலே போகும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வரும். மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன வருடம் மாமனார் விருமாண்டி, மண்டபம் பக்கம் கடலோரத்தில் எப்போதோ வாங்கிப்போட்ட இடத்தில் குடும்பத்துக்கென்று ஒரு வீடு கட்டலாம் என்றார். லீவுக்குப் பிள்ளைகளோடு போய்த் தங்கலாம், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனால் லாட்ஜ் தேட வேண்டாம். கடலைப் பார்த்த அறை எனக்கு என்று அன்றே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். கண்ணாடிச் சுவர், வளைந்து ஏறும் இரும்புக் கைப்பிடி என்று போனில் படம் படமாகச் சேர்த்தேன். மாமனாரோ என்னை ஏறிட்டும் பார்க்காமல், "ஆத்தா பாண்டிமீனா, நீயே வரஞ்சுரு" என்று சொல்லிவிட்டார்.

என் படங்களை அவள் பொறுமையாகத்தான் பார்த்தாள். உப்புக் காற்றில் இந்த இரும்பெல்லாம் இரண்டு வருடத்தில் இத்துப் போகும் என்றாள். ஜன்னலுக்குத் தேக்கு, மேலே சாய்வாக ஓட்டுக் கூரை, தூணில் கம்பி தெரியாமல் இரண்டு அங்குலத்துக்காவது கான்கிரீட் மூட வேண்டும், அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கலவைக்கு ஆகாது, நல்ல தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பெரிய இவள். வரைந்ததைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ரசம் கொதிக்கிறது என்று நான் எழுந்து போய்விட்டேன். வரைகிறவள் நல்ல அறையைத் தனக்கு எடுத்துக்கொள்ளாமல் விடுவாளா?

தை மாதம் வேன் பிடித்துக் குடும்பத்தோடு இடத்துக்குப் போனோம். மேஸ்திரி நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் தரையில் அறை அறையாகக் கோடு போட்டு வைத்திருந்தார். முதல் ஆளாக இறங்கி ஓடினேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்போமே, அதே மாதிரி கடலுக்கு நேரே இருந்த பெரிய கட்டத்துக்குள் என் துண்டை விரித்து, பறக்காமல் இருக்க ஒரு செங்கல்லையும் வைத்தேன்.

பாண்டிமீனா பக்கத்தில் வந்து, அது அறை இல்லை, எல்லோருக்குமான ஹால் என்றாள். திரும்பிப் பார்த்தேன். நாலு அறையும் பின்னால், ரோட்டைப் பார்த்து, ஒரே அளவில் இருந்தன. ஒன்று அவளுக்கு, ஒட்டினாற்போல் ஒன்று எனக்கு. சாயங்கால வெயில் இரண்டிலும் சமமாக அடிக்கும்.

"அப்ப கடலப் பாத்த ரூம் யாருக்கு?"

"யாருக்கும் இல்லக்கா."

ஏன் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் டேப்பைச் சுருட்டினாள்.

"நான் எடுத்தா நீங்க என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவீங்க. மொதல்ல ஒங்களுக்குன்னு போட்டுத்தான் வரஞ்சேன். ரெண்டு நாளா சோறு எறங்கல, அம்புட்டு வயித்தெரிச்சல். உப்புக் காத்துக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியல."

சிரித்தே விட்டேன். மாடியில் மூன்று பக்கக் காற்றில் படுத்திருப்பவளுக்கு என்மேல் என்ன பொறாமை என்று கேட்டேன்.

"எட்டு வருசமாச்சு. அத்தை இன்னமும் விருந்தாளியக் கேக்குற மாதிரி 'சாப்பிட்டியாம்மா'ன்னுதான் என்னையக் கேக்குறாக. ஒங்களத்தான் உரிமையாத் திட்டுறாக."

மாமியார் முத்துத்தாயிடம் வாங்கிய திட்டுக்கு நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன்.

வேன் பக்கமிருந்து மாமியாரின் சத்தம் வந்தது. "ஏ சுபா, தண்ணிக் கேன எங்கடி வச்சுத் தொலைச்ச?"

பாண்டிமீனாவின் முகம் சுருங்கிப் போனது. மறைக்கக்கூட இல்லை. "போங்கக்கா, ஒங்களத்தான் கூப்பிடுறாக" என்றாள்.

நான் உடனே போகவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று அவள் பக்கத்திலேயே நின்றேன்.