ஒரு வீட்டுக்கு ஒரு டிக்கெட்

என் அண்ணன் எங்கள் தெருவையே ஏமாற்றினான். தெரிந்தே ஏமாற்றினான். இதை அவன் முகத்துக்கு நேராகப் பலமுறை சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கிறான். சிரித்துவிட்டு அடுத்த கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அந்தக் கச்சேரிக் கதையை மறுபடி எடுத்துவிடுகிறான். அவன் கதையில் நாங்கள் எல்லாம் முட்டாள்கள். ஒற்றை டிக்கெட்டை நீட்டிக்கொண்டு வண்டி நிறைய ஆள் ஏற்றி வந்த பட்டிக்காட்டார்கள். அவன் மட்டும் உலகம் தெரிந்தவன். பக்கத்து இலைக்காரர் ரசம் புரையேறச் சிரிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. அவனுக்கு அலங்காரம் தேவையும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, நிலக்கடலையும் பருத்தியும் விளைகிற பக்கம், நான் வாழ்க்கைப்பட்ட ஊர். தெருவில் எல்லாம் எங்கள் ஆட்கள்தான், கொங்குக் குடியானவர்கள். பாட்டு எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டிலேயே ரேடியோ இருந்தது. ஆனால் பாடுகிற ஆளைப் பாடும்போது கண்ணால் பார்த்தவர் தெருவில் ஒருவரும் கிடையாது. என் மாமியாருக்கு அதில் தனியாக ஒரு சந்தேகம் வேறு. குரல் மேலே ஏறும்போது பாடுகிற பெண்ணுக்குக் கழுத்து நரம்பு புடைக்குமா புடைக்காதா? ரேடியோவில் கேட்கும்போதெல்லாம் என்னிடம் கேட்பார். நான் என்ன கண்டேன்?

அப்போதுதான் பக்கத்துப் பெரிய ஊரில் வாசகசாலைக்கு ஓடு போடப் பணம் சேர்க்கிறோம் என்று ஒரு கமிட்டி கிளம்பியது. கோயம்புத்தூரிலிருந்து மெல்லிசைக் குழு வருகிறது, டிக்கெட் இரண்டு ரூபாய் என்றார்கள். கமிட்டிக்கு டிக்கெட் விற்றுத் தர முன்வந்தவன் என் அண்ணன். அவனுக்கு எதிலும் முன்வரப் பிடிக்கும். வேலை என்று வரும்போது மட்டும் பின்னால் போய்விடுவான்.

சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்று காசு கேட்க அவனுக்குக் கூச்சம். அதனால் ஒரு யோசனை செய்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நான்கு மூலையில் மஞ்சள் தடவி, கல்யாணத்துக்கு அழைக்கிறவன் மாதிரி வெள்ளை வேட்டியில் வந்தான். எங்கள் பக்கத்தில் தாம்பாளம் வந்தால் உட்கார்ந்துகொண்டு வாங்க மாட்டோம். புருஷனும் பெண்சாதியும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குவோம். அப்படித்தான் மாமனாரும் மாமியாரும் கிழக்கே பார்த்து நின்று அந்த டிக்கெட்டை வாங்கினார்கள். மாமனார் இரண்டு ரூபாயை மொய் வைப்பதுபோலத் தாம்பாளத்தில் வைத்தார்.

"எல்லாருமே வந்தரோணுங் மாமா. ஊட்டோட வரோணும்" என்றான் அண்ணன்.

"வராம எங்க போறோம்? வண்டி கட்டிட்டு வந்தர்றோம்" என்றார் மாமனார்.

"அத்தைய முன்னால உக்கார வெச்சுக் காட்டறனுங்" என்று சொல்லி, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

எங்கள் வழக்கத்தில் அழைப்பு என்பது வீட்டுக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று கொடுக்கிறவனை ஊர் பார்த்துச் சிரிக்கும். அதனால் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு டிக்கெட் வாங்கினார்கள், எல்லா வீட்டிலும் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்கள். இன்னொன்று வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனும் ஒன்று போதுமா என்று கேட்கவில்லை. இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி அன்று பொழுது சாயும் முன்பே வண்டிகள் கிளம்பிவிட்டன. கட்டுச்சோறு, தண்ணீர்க் குடம், உட்காரச் சாக்கு எல்லாம் ஏற்றியாயிற்று. மாமியார் கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தார். அறுவடை முடிந்த காட்டில் தென்னந்தட்டி கட்டி அடைத்து, மூங்கிலில் ஒரு வாசல் விட்டிருந்தார்கள். வாசலில் கமிட்டியைச் சேர்ந்த ஒரு மலையாளத்துப் பிள்ளை நின்றிருந்தான். பாவம், நல்ல பிள்ளை. மாமனார் டிக்கெட்டை அவனிடம் இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, எங்களையெல்லாம் கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னார்.

"ஒரு டிக்கெட்டுக்கு ஒராள்தான்" என்றான் அந்தப் பிள்ளை.

"அதேன் தம்பி அப்படி?" என்றார் மாமனார்.

"அப்படித்தான் அம்மாவா. டிக்கெட்டில் எழுதீட்டுண்டு." அம்மாவா என்றால் அவர்கள் பேச்சில் மாமா.

எழுதியிருந்தது. மலையாளத்தில். அதன்மேல் மஞ்சள் அப்பியிருந்தது.

அதற்குள் பின்னால் வந்த வண்டிகளும் வந்து நின்றுவிட்டன. வாசலில் ஒரே கூச்சல். எதிர் வீட்டுக்காரர் முன்னால் வந்து, "ஏனுங் தம்பி, உங்கூர்ல கலியாணத்துக்குக் கூப்டா புருசனத் தனியா, பொண்டாட்டியத் தனியாவா கூப்புடுவீங்க?" என்றார். அந்தப் பிள்ளைக்கு அழுகை வராத குறை. சரி, காசு தருகிறோம், இன்னும் டிக்கெட் கொடு என்றார் என் புருஷன்.

"டிக்கெட் தீர்ந்துபோயி சேட்டா. பாக்கி இருந்தது முழுக்க முந்தாநாளே அவர் எடுத்தாச்சு."

அவன் காட்டிய இடத்தில், சர்பத் கடைப் பக்கம், என் அண்ணன் நின்றிருந்தான். சட்டைப் பையில் ஒரு டிக்கெட் கட்டு புடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டில் மட்டும் மஞ்சள் இல்லை.

எல்லாரும் அவனிடம் போனோம். அவன் ஏதோ எங்களைக் காப்பாற்ற வந்தவன் மாதிரி, "நல்லவேளைக்கு நான் வாங்கி வெச்சிருந்தேன்" என்றான். விலை கேட்டோம். "அஞ்சு ரூவா."

"ரெண்டு ரூவாதான மச்சான்?" என்றார் என் புருஷன்.

"அது அப்ப மாப்ள. இப்ப கேக்கறவிய எத்தன பேருன்னு பாத்தீங்களா?"

அவன் சொன்னது சரிதான். கேட்கிறவர்கள் நிறைய இருந்தோம். எங்களை வண்டி கட்டிக்கொண்டு வரச் சொன்னவனும் அவன்தான்.

எதிர் வீட்டுக்காரர் வீம்புக்கு வீட்டு ஆட்களுக்கெல்லாம் வாங்கினார். கொடுத்த காசுக்கு அன்றைக்கு அவர் தட்டிய கைதட்டல் தட்டிக்கு வெளியே வரைக்கும் கேட்டது. பாட்டுக்கு நடுவிலும் தட்டினார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். குழுவின் வேன் வாளையாரில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை என்பதால், சண்டை போட நேரம் தாராளமாக இருந்தது.

அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "அம்மிணி, உங்களுக்குக் காசு வேண்டாம். எல்லாரையும் கூட்டிட்டு உள்ள போ. சத்தம் போடாத."

"அவிங்களுக்கு?"

"அவிங்க என்ன எங்கூடப் பொறந்தவிங்களா?"

தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினால் நாளைக்கு எந்த வீட்டிலும் மோர்கூடக் கேட்க முடியாது. பங்கு வாங்கியவள் என்று ஆகிவிடும். முடியாது என்று சொன்னால் மாமியார் அவ்வளவு தூரம் வந்தது வீண். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் பின்னால் வந்து காதோடு சொன்னார்:

"குடுத்தா வாங்கு அம்மிணி. சண்டைய நாளைக்குப் போட்டுக்கலாம். எனக்கு ஒடம்பு நல்லா இருக்கையிலயே அந்த நரம்பப் பாத்துடறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வாங்கவில்லை. மாமனார் வாசலில் கொடுத்திருந்த மஞ்சள் டிக்கெட்டில் மாமியாரை மட்டும் உள்ளே அனுப்பினேன். அண்ணனைப் பார்த்து, "உன்ற டிக்கெட்ட நீயே தின்னு" என்றேன். இதைவிட நல்ல வார்த்தை அப்போது வாயில் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உள்ளே, மிச்சம் பேர் வெளியே வண்டியில். கட்டுச்சோற்றைப் பிரித்தோம். வெளியே இருந்த எங்களுக்கும் பாட்டு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அதைத்தான் ரேடியோவிலேயே கேட்டுக்கொண்டிருந்தோமே. அண்ணனிடம் பாதிக் கட்டு அப்படியே மிஞ்சிப்போனது. அதை அவன் பந்தியில் சொல்வதில்லை.

பாட்டு பாதியில் இருக்கும்போதே மாமியார் திரும்பி வந்துவிட்டார். தனியாக உட்கார்ந்து பார்ப்பது பாழுங்கிணற்றைப் பார்ப்பது போல் இருந்ததாம். நரம்பு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எங்க அம்மிணி? அவ கழுத்து மூடுன ரவிக்கையல்லோ போட்டிருக்கறா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் நடக்காதவன் மாதிரி அண்ணன் விருந்துக்கு வந்தான். கோழி அடித்துப் போட்டுவிட்டுத்தான் சண்டையைத் தொடங்கினேன். அவன் எலும்பைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"நான் ஆரு கையையும் முறுக்கலியே. வேணும்னவிய வாங்கினாங்க, வேண்டாம்னவிய வண்டியில உக்காந்தாங்க. ஏனுங் மாமா, போன வருசத்துக் கடலைய அந்த ரூம்புக்குள்ள ஏன் அடுக்கி வெச்சிருக்கறீங்க?"

மாமனார் சோற்றைப் பிசைந்தார். விலை ஏறட்டும் என்றுதான் வைத்திருந்தார். மூட்டைகள் நாங்கள் சாப்பிடுகிற இடத்திலிருந்தே தெரிந்தன.

"நீங்க வெச்சா வியாபாரம், நான் வெச்சாக் களவாணித்தனமா?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். ஊற்றினேன். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. என் கொழுந்தன் வேறு சிரித்துத் தொலைத்தான். எங்கள் பக்கம் அண்ணன் பெண்சாதியை நங்கை என்பார்கள். அன்று முதல் வீட்டுக்கு எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அவன் என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "ஏனுங் நங்கை, இது எத்தன பேருக்குங்?" என்று கேட்பான். விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஆனால் எந்த வீட்டில் பிறந்தவள் என்று ஒவ்வொரு தடவையும் அது என்னைக் குத்தியது.

பிறகு பதில் வந்தது. கடலை கிராக்கியானால் மழை இல்லாததால் ஆகும். மழை பொய்த்து டிக்கெட் விளையாமல் போகவில்லை. அது அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. அதுகூடப் போகட்டும். எங்கள் மூட்டையை வாங்குகிறவன் கையை உள்ளே விட்டு, கடலையை உடைத்துப் பார்த்து, எடை போட்டு வாங்குகிறான். ஒரு மூட்டை என்றால் எவ்வளவு என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரு டிக்கெட் என்றால் எவ்வளவு என்று அண்ணனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஐந்து ரூபாய் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. வாசல் வாசலாக நின்று காப்பி குடித்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தானே, அதுதான் களவு.

இதைச் சொன்னால் அவன், "எனக்கென்ன தெரியும்? நீங்க அப்படி நெனச்சுக்குவீங்கன்னு நான் கண்டனா? வாங்கன்னுதான சொன்னேன், ஒரே டிக்கெட்ல வாங்கன்னு சொன்னனா?" என்கிறான். அவனும் இதே குடியானவன் வீட்டில், இதே வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவன்தான்.

இவ்வளவு நாள் குடும்பத்துக்குள் இருந்த இந்தச் சண்டையை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு வரி வசூல் செய்யும் பொறுப்பை அவனிடம் கொடுக்கலாம் என்று ஊரில் பேசுகிறார்கள். விவரமான ஆளாம். விவரமான ஆள்தான், நான் மறுக்கவில்லை. கொடுப்பதற்கு முன் கோயில் கூட்டத்தில், அன்று வண்டியில் வந்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் முன்னால், அவன் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். சிரிக்காமல் சொல்லட்டும். பந்தியில் சொல்வது செல்லாது.

அண்ணா, தெருவில் எல்லா வீட்டுக்கும் நீயே போய் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டாய். வீட்டுக்கு ஒன்று போதும் என்று நாங்கள் நினைத்தது உனக்குத் தெரியாது என்கிறாய். அப்படியென்றால், கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் மிச்சக் கட்டு முழுவதையும் யாருக்கு விற்பதற்காக வாங்கினாய்?